பஸ்ஸில் வரும் இன்ஸ்பெக்டரும் மாடி வீட்டு அண்ணியும்

கடையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து ஃப்ரேமுக்குள் கச்சிதமாக உட்கார வைப்பது வேலை. இருபத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. முன்னால் நின்று வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டும் வேலை அவளுக்கு ஒத்து வராது. கல்யாணமும் ஒத்து வரவில்லை. இரண்டு பேர் பெண் பார்க்க வந்தார்கள், இரண்டு பேருடைய கண்ணாடியும் கோணலாக இருந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீடு அப்பா கட்டியது. கீழே அவள், மாடியில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே படித்துவிடுவாள் என்று பேர். அவர்கள் மகன் படித்து முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டான்.

கண்ணாடியக்காவும் அண்ணியும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மின்சார மீட்டர். ஆனால் பேச்சு கிடையாது. படியில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி செருப்பைப் பார்ப்பாள்.

"மோட்டார் போடணும்னு மேல சொல்லிடுண்ணே."

"தொட்டி நிரம்பி வழியுதுன்னு கீழ சொல்லுங்க."

அண்ணன் ஏறுவார், இறங்குவார். ஊரில் எத்தனையோ லிஃப்டை ஓட வைத்தவர், சொந்த வீட்டில் தானே லிஃப்டாகிப் போனார்.

சண்டை அம்மா இறந்த அன்று வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் கண்ணாடியக்கா வேலை முடிந்து தினமும் ஐந்தரைக்கு வந்துவிடுவாள். அன்றும் அப்படித்தான் வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. அம்மாவின் உயிர் மூன்று மணிக்கே போயிருந்தது. வராந்தாவில் நின்ற அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்து, "இப்பதான் வரத் தோணுச்சா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வி போதும். மதியமே நிலைமை தெரிந்தும் தனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாதவள், தன்னையே கேள்வி கேட்கிறாளா? "நீங்கல்லாம் மனுஷிதானா?" என்று திருப்பிக் கேட்டாள். இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

இரண்டு வருஷம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து கண்ணாடியக்காவின் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கை சும்மா இருக்கும் பழக்கம் இல்லாதவளுக்கு ஆறு வாரம் ஆறு யுகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, இடது கையால் ரிமோட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பிரிட்டிஷ் துப்பறியும் தொடர் மாட்டியது. கீழே தமிழில் எழுத்து ஓடியது. மழை பெய்கிற ஒரு கடலோரச் சிற்றூர். ஒரு பிணம். பிணத்தைப் பார்க்க போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார். எதில்? பஸ்ஸில்! டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை உதறியபடி இறங்குகிறார்.

அவருடைய கார் எப்போதும் ஒர்க் ஷாப்பில்தான் இருக்கும். இருபத்தொரு வருஷம் ஓடிய தொடரில் ஒரு நாள்கூட அது ரிப்பேராகி வெளியே வரவில்லை. கொலை நடந்த இடத்துக்கு இவர் போய்ச் சேர்வதற்குள் உதவிக்கு இருக்கும் பெண் சார்ஜெண்ட் பாதி விசாரணையை முடித்திருப்பாள். யாரும் ஓட மாட்டார்கள், யாரும் சுட மாட்டார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். டீ வரும். எதிரில் இருப்பவர் பேசப் பேச இவர் சும்மா தலையை ஆட்டுவார். கடைசியில், கிளம்ப எழுந்து கதவுவரை போய், "ஆமா, அந்த ஜன்னல் ஏன் ஈரமா இல்லை?" என்பது போல நறுக்கென்று ஒன்று கேட்பார்.

கண்ணாடியக்கா அவரிடம் விழுந்துவிட்டாள். கட்டுப் பிரித்தும் பழக்கம் பிரியவில்லை. ஞாயிறு ஐந்து மணி என்றால் தலையே போனாலும் அசைய மாட்டாள். திங்கட்கிழமை காலையில் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் சத்தத்துக்கு மேலாக, பக்கத்து மேஜைக்காரரிடம் முழுக் கதையையும் ஒப்பிப்பாள். அவர் பாவம், காதில் பஞ்சு வைத்திருப்பார், ஆனாலும் தலையாட்டுவார்.

ஒரு ஞாயிறு, ஆரம்ப இசை வந்தபோது அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். குறைத்த பிறகும் இசை கேட்டது. மேலிருந்து. அரை நொடி தாமதமாக, எதிரொலி போல.

மறுநாள் அண்ணன் தண்ணீர்க் கேனோடு இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மேல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்ன பாக்கறாங்க?"

"அதான், அந்த பஸ்ல வர்ற ஆளு. துப்பறியறது."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு நாலஞ்சு வருஷம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே பாப்பா."

ஐம்பத்து நாலு வயதுத் தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் தன் இன்ஸ்பெக்டரை அவளும் பார்க்கிறாள்! அதுவும் தனக்கு முன்னாலிருந்தே!

இப்படியே ஒரு வருஷம் போனது. இசை கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. இரண்டு வாரமாகத் தொடர்ந்த வழக்கு. ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் விஷத்தில் செத்துக் கிடக்கிறார். ஏழு பேர் மேல் சந்தேகம். ஒரு வாரம் முழுக்க கண்ணாடியக்கா கணக்குப் போட்டுப் பார்த்து வைத்திருந்தாள். இன்னும் கால் மணி நேரம்தான் பாக்கி. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிவிட்டார். வாயைத் திறக்கிறார்.

டிவி பட்டென்று கறுத்துப் போனது.

தட்டினாள். பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். பக்கவாட்டில் ஒரு குத்து விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மேலே மட்டும் இன்ஸ்பெக்டரின் குரல் முணுமுணுவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனோ வீட்டில் இல்லை. எங்கோ ஒரு லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று கிளம்பிப் போயிருந்தார்.

அவள் படிக்கட்டில் போய் நின்றாள். நாலு படி ஏறினாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஆங்கிலம், எழுத்து இல்லாமல் பாதிதான் விளங்கியது. இன்னும் நாலு படி. அப்புறம் எதுவும் யோசிக்கவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டிவிட்டாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு அப்படியே நின்றாள்.

"யார் கொன்னது?" என்றாள் கண்ணாடியக்கா.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. அண்ணியின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியில் சொன்னாள், "இன்னும் சொல்லல. விளம்பரம் ஓடுது. சீக்கிரம் வா."

சோபாவின் இரண்டு ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். சோப்பு விளம்பரம் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. கண்ணாடியக்காவால் வாயை அடக்க முடியவில்லை.

"அந்த பியானோ வாத்தியார்தான்."

"எப்படிச் சொல்றே?"

"தூரத்துல இருக்கறது கண்ணாடி இல்லாம தெரியாது, அதனால பாலத்துல போனது யாருன்னு தெரியலைன்னு சொன்னாரில்ல? பொய். அந்த மாதிரி குறைக்குப் போடற கண்ணாடியில கண்ணு சின்னதாத் தெரியும். அவருக்கு முட்டை மாதிரி பெருசாத் தெரியுது பாருங்க. கிட்டத்துல இருக்கறதுதான் அவருக்குத் தகராறு. தூரத்துல இருந்த ஆளைக் கண்ணாடி இல்லாமலும் நல்லாப் பாத்திருப்பாரு. பாத்தும் மறைக்கிறாரு."

அண்ணி அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நான் கேப்டனோட தங்கச்சின்னு நினைச்சேன்" என்றாள். "மாத்திரையைப் பச்சைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சார்னு சொன்னா. அந்த மாதிரி வழவழன்னு பூச்சு பூசின மாத்திரை பச்சைத் தண்ணியில உடனே கரையாது. பொடி பண்ணித்தான் கலந்திருக்கணும். அவரே பொடி பண்ணிக் குடிப்பாரா? வேற யாரோ பண்ணியிருக்காங்க."

விளம்பரம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். வாத்தியாரும் தங்கையும் கூட்டு.

இருவரும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்றார்கள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணாடியக்கா எழுந்தாள். "என் டிவி போயிடுச்சு" என்றாள், வந்ததற்குக் காரணம் சொல்வது போல.

"ரிப்பேர் பண்றவரைக்கும் இங்க வந்து பாரு" என்றாள் அண்ணி, கதவைப் பார்த்துக்கொண்டு.

நாலு மாதம் ஆகியும் டிவி ரிப்பேர் ஆகவில்லை. அதாவது, அவள் ரிப்பேருக்கே கொடுக்கவில்லை.

சொல்லாமலே ஒரு ஒப்பந்தம் உண்டாயிற்று. வழக்கைப் பற்றி மட்டும் பேச்சு. கொலையாளி பிடிபட்டால் படி இறங்கிவிட வேண்டும். நடுவில் இருந்த இடைவெளி மட்டும் வாரத்துக்கு ஒரு சாண் குறைந்தது. மூன்றாவது வாரம் டீ வந்தது. ஐந்தாவது வாரம், தனக்கு விளங்காத ஒரு ஆங்கிலக் கேலியை அண்ணி விளக்கச் சொல்லி, இவளுக்கும் விளங்காமல், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படியேறி வந்த அண்ணன் வாசலில் நின்று, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டது போலத் திருதிருவென்று விழித்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். கடைசிப் பகுதியில் மேஜையைக் காலி செய்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பஸ் வளைவில் திரும்பும்வரை காட்டினார்கள். கண்ணாடியக்கா மூக்கை உறிஞ்சினாள். அண்ணி, "தூசி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அதே நேரத்தில் ஒரு புதுத் தொடர். அந்தப் பெண் சார்ஜெண்ட் இப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இன்ஸ்பெக்டர். சொந்தக் கார், அதுவும் ஓடுகிற கார்.

"எனக்கு வேண்டாம்" என்று கண்ணாடியக்கா எழுந்தாள். "அவர் பின்னாடி நோட்டைத் தூக்கிட்டுத் திரிஞ்சவ. இவளைப் போய் யாரு பாப்பாங்க?"

"அவர் கண்டுபிடிச்சதுல பாதி இவ எழுதி வெச்சதைப் பாத்துதான். உனக்கு அவர் மேல பக்தி. உக்காரு."

"அவர் இல்லாம என்ன கதை?"

"மூணு வாரம் பாரு. பிடிக்கலைன்னா நானே உன் டிவியைத் தூக்கிட்டுப் போய் ரிப்பேருக்குக் குடுக்கறேன்."

அண்ணிக்கு அதுவும் தெரிந்திருக்கிறது! கண்ணாடியக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் எதிர்பார்த்ததைவிடப் புதுத் தொடர் தேவலாம். கதையில் பழையவரிடமிருந்து இவளுக்கு எப்போதாவது ஒரு தபால் அட்டை வரும், அதற்காகவே காத்திருந்தாள். ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் புது இன்ஸ்பெக்டரும் மனசில் உட்கார்ந்துவிட்டாள். பழையவர் மாதிரி இவள் கதவருகே திரும்பிக் கேட்பதில்லை. ஒரே கேள்வியை ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகக் கேட்பாள். பதில்களைச் சீட்டில் எழுதி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். எந்தச் சீட்டு பக்கத்துச் சீட்டோடு ஒட்டவில்லையோ, அங்கேதான் பொய்.

அந்த வாரம் அப்படி அவள் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணி டிவியை அணைத்தாள். வழக்கு பாதியில் இருக்கும்போது! கண்ணாடியக்கா பதறிப்போனாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணு கேக்கட்டுமா? அத்தை போன அன்னிக்கு, மதியம் நீ எங்க இருந்தே?"

கண்ணாடியக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கடையில. எங்க இருப்பேன்?"

"போன் வந்ததா?"

"எந்த போன்?"

அண்ணி மெதுவாகச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கே டாக்டர், வர வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றாராம். வார்டுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது என்பதால், கீழே போய் தங்கைக்குப் போன் பண்ணுங்கள் என்று புருஷனை அனுப்பினாளாம். "மூணு மணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இதோ வருவே, இதோ வருவேன்னு. அவரும் உனக்காகக் கீழ வாசல்ல நிக்கறார்னு நினைச்சேன். நீ வரல. அஞ்சரைக்கு நிதானமா நடந்து வர்றே. அப்புறம் அவர்கிட்ட கேட்டேன். கடையில சொல்லிட்டேன், அவங்க சொல்லாம விட்டிருப்பாங்கன்னார். எனக்கு நம்பிக்கை இல்ல. தெரிஞ்சே வேலைதான் பெருசுன்னு உக்காந்துட்டேன்னு நினைச்சேன்."

"என்கிட்ட அண்ணன் அப்படிச் சொல்லலியே" என்றாள் கண்ணாடியக்கா. "அண்ணி சொல்லியிருப்பான்னு நினைச்சேன் பாப்பான்னுதான் சொன்னாரு."

இரண்டு சீட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அண்ணன் ஏழு மணிக்கு வந்தார். டிவி அணைந்திருப்பதையும், இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும், எதிரே ஒரு நாற்காலி போடப்பட்டிருப்பதையும் பார்த்தார். ஆள் கெட்டிக்காரர். உடனே புரிந்துகொண்டு, கருவிப் பையைக் கீழே வைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன் பண்ணினீங்களா, இல்லியா?" என்றாள் அண்ணி.

"பண்ணல."

பிறகு அவரே சொன்னார். படியிறங்கிக் கீழே போகும்போது முதல் மாடியில் கூச்சல். ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, கூட ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரி மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். இவர் சட்டையில் கம்பெனி முத்திரை இருந்தது. எல்லோரும் இவரையே பார்த்தார்கள்.

"அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம்னு நினைச்சேன். திறக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பிரேக் பிடிச்சுக்கிச்சு. போன் பண்ணணும்ங்கறதே மண்டையில இல்ல பாப்பா. அந்தப் பொண்ணு உள்ள கத்துது. கடைசியில கையால இழுத்துத் திறந்து, அவங்களை வெளிய கொண்டுவந்துட்டு மேல ஓடினா... அம்மா இல்ல. அதுக்கப்புறம் உனக்குப் போன் பண்ணவும் மனசு வரல." பையின் வாரைப் பிடித்து முறுக்கினார். "நானும்தான் அம்மாவைப் பாக்கல. பெத்த தாய் போறப்ப ஸ்க்ரூ திருகிட்டு இருந்தேன்னு எப்படிச் சொல்றது? அப்ப வாய்ல வந்ததைச் சொன்னேன். ரெண்டு நாள்ல சரியாயிடும், அப்பச் சொல்லிக்கலாம்னு பாத்தேன். ஆகல. நாள் ஆக ஆகச் சொல்ல முடியல."

கண்ணாடியக்காவுக்கு எழுந்துபோய் அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. பதினோரு வருஷம்! ஆனால் நாற்காலியில் அந்தப் பெரிய உடம்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒடுங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"பிழைச்சுக்கிச்சு. ஆண் குழந்தை."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவள் அங்கே இல்லை. அண்ணனும் இல்லை. அப்படியென்றால் அம்மாவோடு கடைசிவரை இருந்தது ஒரே ஒருத்தி. அந்த மூன்று மணி நேரத்தை இத்தனை காலமும் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா ஏதாவது சொன்னாங்களா அண்ணி?"

அண்ணி சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் போட்டாள். "என்னை நர்ஸுன்னு நினைச்சுட்டாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு உன்னைப் பத்தியே பேச்சு. 'எனக்கு ஒரு பொண்ணு இருக்கா நர்ஸம்மா. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறா. எனக்கு மட்டும் மூக்குல நிக்கவே மாட்டேங்குது. தலையை ஆட்டாதேம்மான்னு என்னையே திட்டறா'ன்னாங்க. அப்புறம், 'மருமக ஒருத்தி இருக்கா, வாய் நீளம், ஆனா நல்லவ'ன்னு என்கிட்டயே சொன்னாங்க. கொஞ்ச நேரம் சிரிச்சாங்க. தூங்கினாங்க. அவ்வளவுதான். வலியே இல்ல."

கண்ணாடியக்கா அண்ணியின் மடியில் தலையைச் சாய்த்துவிட்டாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அண்ணன் யாரும் கேட்காமலே அடுப்படிக்குப் போய் டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

மறுநாளே எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். நாலு நாள் அண்ணனோடு அவள் பேசவில்லை. "கீழ லைட் ஃப்யூஸ் போயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி" என்பாள். அண்ணி ஏறி இறங்கினாள். ஐந்தாம் நாள் அண்ணியே கையை விரித்துவிட்டாள்: "என் முழங்காலுக்கு இதெல்லாம் தாங்காது. ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைங்க." பேசித் தொலைத்தார்கள்.

இப்போது அந்த இன்ஸ்பெக்டர் தொடரின் வம்சத்தில் மூன்றாவது ஓடுகிறது. பழைய தொடரில் பிணத்தைப் பரிசோதிக்கும் கிழ டாக்டர் ஒருவர் இருந்தார், அவருடைய இளமைக் காலம். நாற்பது வருஷம் முந்தைய கார்கள், கோட்டுகள், தொப்பிகள். இதற்கு அண்ணனும் வந்து உட்காருகிறார். கொலை யார் செய்தால் அவருக்கென்ன. கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட் வந்தால் போதும், "நிறுத்து, நிறுத்து, அந்த மோட்டாரைக் காட்டு" என்பார்.

போன மாதம் அண்ணிக்குக் கண்புரை ஆபரேஷன். யார் கூடப் போவது என்ற பேச்சே எழவில்லை. கண்ணாடியக்கா கடையில் ஒரு வாரம் லீவு சொன்னாள். கை முறிந்தபோது தவிர இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி அவள் கேட்டதில்லையே என்று முதலாளி, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

"எங்க அண்ணிக்கு" என்றாள். அந்த வார்த்தை வாயில் இதமாக இருந்தது.

ஒரு வாரம் டிவி பக்கமே திரும்பக் கூடாது என்றார் டாக்டர். ஞாயிறு ஐந்து மணிக்கு அண்ணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நீ பாத்துச் சொல்லு" என்றாள். "ஒண்ணையும் விடக் கூடாது. யாரு எங்க நிக்கறாங்க, கையில என்ன இருக்கு, எல்லாம்."

கண்ணாடியக்கா சொல்லத் தொடங்கினாள். ஒரு பெரிய வீடு. ஜன்னலோரம் விதவை, கையில் கிளாஸ். கதவுகிட்ட வக்கீல், சுத்தமான ஷூ. எழுத்தைப் படித்து, முகத்தைச் சொல்லி, நடுநடுவே அண்ணனை அதட்டி, மூச்சு வாங்கினாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"வக்கீல்" என்றாள் அண்ணி சுவரைப் பார்த்தபடி.

"அதுக்குள்ளயா? எப்படி?"

"எல்லாரும் பேசறதுக்கு முன்னாடி மூச்சு விடறாங்க. அவன் மட்டும் விடல. மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்."

"இல்லவே இல்ல அண்ணி. விதவைதான். அந்தக் கிளாஸை அவ கீழ வைக்கவே மாட்டேங்கறா."

"பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அண்ணன். "லிஃப்ட் வருது."